ஐசக்குக்கு யார் நின்றது

ஒரகடத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது கிடைத்த காசில் ஊரே மோட்டார் சைக்கிள் வாங்கியது. நான் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத் வாங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த ஒரு லேத்தை வைத்து ஷெட் போட்டேன். புயலில் கூரை பறந்து ஏரிக்கரையில் விழுந்தது. தூக்கிவந்து திரும்பப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு ஷெட், அதில் பவர் பிரஸ். தண்ணீரே வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வருகிற பசங்கள் தங்க வரிசையாக ரூம் கட்டினேன், மாடியோடு. அம்மன் கோயில் இரும்பு கேட் என் கையால் வெல்டு வைத்தது. ஒரே மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். பேங்க் மேனேஜர் என்னை நிற்க வைத்துப் பேசிய காலம் உண்டு. இப்போது நான் உள்ளே நுழைந்தால் நாற்காலி போடச் சொல்கிறார்.

இத்தனையும் கட்டினவன்தான் இதை எழுதுகிறேன். “அமெரிக்கா போய் வந்ததை நம்ம ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே” என்று நம் சிறுதொழில் சங்கச் செயலாளர் கேட்டார். அருவியையும் சிலையையும் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நானும் பார்த்தேன். தண்ணீர் விழுகிறது, சிலை நிற்கிறது. நான் எழுத வந்தது அங்கே ஒரு சுடுகாட்டில் நடந்ததை.

மகள் கலைச்செல்விக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. என் வீட்டுக்காரி இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் நான் போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்று பால்சுறாக் கருவாடு கட்டி எடுத்துப் போனேன். ஏர்போர்ட்டில் கையுறை போட்ட ஒருவன் பெட்டியைத் திறந்தான். “டாட்டர் டெலிவரி, வெரி அர்ஜென்ட் ஐட்டம்” என்று எடுத்துச் சொன்னேன். அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு மொத்தத்தையும் தொட்டியில் போட்டான். நம் ஊரில் அந்தக் கருவாட்டுக்குச் சண்டை நடக்கும்.

மகள் இருப்பது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு முன்னால் புல், வீட்டுக்குப் பின்னால் புல். தெருவில் ஒரு ஆள் கிடையாது. காலையில் எழுந்து வாசலில் நின்றால் அணில்தான் கண்ணில் படும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் வரிசையாக நின்று ஹாரன் அடிக்குமே, அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை பிரபு ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார். நல்ல பிள்ளை. நான் குடித்தேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வீட்டில் எல்லோரும் தூங்கும்போது நானே பஸ் ஏறினேன். தனியாக லேத் வாங்கியவன் தனியாக பஸ் ஏற மாட்டேனா. பஸ் ஓட்டியது ஒரு பெண்பிள்ளை, நல்ல ஆகிருதி. எங்கே போகணும் என்று கேட்டாள். நேராகக் கையை நீட்டினேன். உள்ளே குளிர் இல்லை, சீட்டு மெத்தென்று இருந்தது, கண் அயர்ந்துவிட்டேன். எழுப்பினபோது பஸ்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன். கடைசி நிறுத்தம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வண்டி சாயங்காலம்தான் என்று கை ஜாடையில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனை எடுத்தேன். வாட்சாப் வேலை செய்யவில்லை. வீட்டு வைஃபை வீட்டிலேயே நின்றுவிட்டது.

எதிரே பார்த்தால் கல்லறைகள். சின்னத் தோட்டம், கம்பி வேலி, பெரிய மரங்கள். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்கப் பஞ்சு. பக்கத்தில் வாளித் தண்ணீர், மெல்லிய பிரஷ். செத்தவர் வீட்டு ஆள் என்று நினைத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

என் இங்கிலீஷ் ஒரகடத்து இங்கிலீஷ். சூப்பர்வைசர், ரிஜக்ட், டிஸ்பாட்ச், ஓவர்டைம், இவை எல்லாம் தெரியும். பழுதான பீஸைத் திரும்பச் சரிசெய்தால் அது ரீவொர்க். நான் கல்லைக் காட்டி “ரீவொர்க்?” என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். “யெஸ், ரீவொர்க்” என்றாள். அவள் பேர் டாரத்தி. பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதி பிட்டுக் கொடுத்தாள். நடுவில் முட்டையும் வேறு என்னவோ வெள்ளையாகவும் இருந்தது. உப்பு இல்லை. பசியில் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு தன் போனை என்னிடம் கொடுத்தாள். மகள் நம்பர் எனக்கு மனப்பாடம்.

“நைனா, எங்க போய்ட்ட நீ? போலீசுக்குப் போன் பண்ணிகினு இருக்கோம் இங்க.”

“சுடுகாட்டுல கீறேன்ம்மா.”

போனை டாரத்தியே வாங்கி இடத்தைச் சொன்னாள்.

மகள் வந்து சேர்ந்து, திட்டி முடித்து, அந்த அம்மா சொன்னதைத் தமிழில் சொன்னாள். அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாவதற்காக இங்கிலீஷ்காரனோடு நடந்ததே முதல் சண்டை, அதில் போரிட்டவர்களின் வம்சத்தார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையே பழைய சிப்பாய்களின் சமாதியைத் தேடிக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, பக்கத்தில் ஒரு வெண்கலப் பட்டயத்தை நட்டு, மரியாதை செய்வது. டாரத்தி கழுவிய கல் ஐசக் என்ற ஒருவனுடையது. சோப்புக் கட்டி மாதிரித் தேய்ந்துபோன கல். பேரை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. அடுத்த சனிக்கிழமை அவனுக்குப் பட்டயம் நடுகிறார்கள்.

“உங்க தாத்தாவுக்குத் தாத்தாவா?” என்று கேட்கச் சொன்னேன்.

இல்லையாம். டாரத்தியின் முன்னோர் வேறு சிப்பாய், வேறு ஊரில் கிடக்கிறார். இவன் கல்யாணம் ஆகாமல் செத்தானா, ஆகிச் செத்தானா என்றுகூடச் சரியாகத் தெரியாது. பல வருஷமாக இவன் வகையறாவை டாரத்தி தேடியிருக்கிறாள். கடைசியில் வேறு மாநிலத்தில் ஒரு குடும்பம் கிடைத்திருக்கிறது. அவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள்.

“எனக்கு வயசாயிடுச்சு,” என்று டாரத்தி சொன்னதை மகள் சொன்னாள். “இவனுக்குன்னு ஒருத்தர் வந்து நின்னதைப் பாத்துட்டா போதும்.”

மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பஸ் பழகிவிட்டது, ஓட்டுகிற பெண்பிள்ளை கை காட்ட ஆரம்பித்தாள். அப்படிப் போன முதல் நாள் நான் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அழுத்தித் தேய்க்கப் பார்த்தேன். துருவுக்கு அதுதானே மருந்து. டாரத்தி என் கையிலிருந்து மெதுவாக அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றிக் காட்டினாள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. அப்படியே செய்தேன். நடப்போகிற பட்டயத்தையும் காட்டினாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வார்ப்பில் ஒரு இடத்தில் குமிழ். எங்கள் ஷெட்டில் இதை அனுப்பியிருக்க மாட்டேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, தலையாட்டினாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார்.

“லேசுல சேர முடியாது மாமா. நான் இன்னாரோட பேரன், அவர் இன்னாரோட பையன்னு ஒவ்வொரு தலைமுறைக்கும் பேப்பர் காட்டணும். ஒண்ணு விட்டுப்போனாலும் ரிஜக்ட். டாரத்திதான் இந்த ஊர்ல அதைச் சரிபாக்கறவங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம்.”

“பொண்ணு வழி வந்தா?”

“செல்லும் மாமா. அவங்களே நாலு பொண்ணுங்க வழியா வந்தவங்கதான்.”

நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கத்தில் பொண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் வேறு வீட்டு விளக்கு. அங்கே பெண் வழியாகப் போகிற கணக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் அறுந்துபோகாமல் நிற்கிறது.

எனக்கு என் தாத்தா பேர் தெரியும். அவருடைய அப்பா பேர் தெரியாது. வெட்கமாக இல்லை. மறுநாள் மகளை வைத்து டாரத்தியிடம் சொல்லச் சொன்னேன்: எங்கள் வம்சத்தில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை, என்னிலிருந்துதான் கணக்கு. டாரத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

“இன்னா சொல்றாங்க?”

“அப்ப உங்க பேரப்பிள்ளைங்களுக்கு வேலை சுலபம்னு சொல்றாங்க நைனா. ஒரே ஒரு பேப்பர் போதுமாம்.”

அன்றைக்கு மாப்பிள்ளை இன்னொன்றும் போனில் பார்த்துச் சொன்னார். ஐசக் சண்டை போட்டானே, ஏறக்குறைய அதே வருஷங்களில் நம் காஞ்சிபுரத்துப் பக்கமும் அதே இங்கிலீஷ்காரப் படையோடு பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஒரகடத்திலிருந்து போனால் நமக்கு ஒரு மணி நேரத்துத் தூரம். ஹைதர் அலி பக்கம் நின்று செத்தவன் எத்தனை பேர், வெள்ளைக்காரன் சம்பளத்துக்கு நின்று செத்த நம் ஆள் எத்தனை பேர். அந்தப் பக்கம் நான் இரும்பு லோடு ஏற்றிக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு கல்லைக்கூட இறங்கிப் பார்த்ததில்லை. கீழே யார் கிடக்கிறார்கள் என்று யார் சொன்னார்கள் எனக்கு.

சனிக்கிழமை வந்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே மகள் போடச் சொன்ன ஸ்வெட்டர், அதற்கு மேலே துண்டு. எலுமிச்சைச் சாதம் ஒரு பெரிய டப்பாவில். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, வெறுங்கையோடு போவது எனக்குப் பழக்கமில்லை.

கைக்குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, மகளும் மூத்த பேரனும் நானும் காரில் போய் இறங்கினால் டாரத்தி தன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே என்று உட்கார்ந்திருந்தாள். முகம் செத்திருந்தது. மகள் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

“அந்தக் குடும்பம் வரலியாம் நைனா. காலைல போன் பண்ணாங்களாம். அவங்க பேப்பர்ல இருக்கற ஐசக் வேறயாம். அதே பேர், வேற ஆளு.”

“வேற யாரும் இல்லையா?”

“இல்ல. முன்னாடி ஒரு சேர் போட்டு ரிப்பன் கட்டிருக்காங்க பாரு, வாரிசுக்குன்னு. அதுல தானே உக்காரட்டுமான்னு டாரத்தி கேட்டாங்களாம். உன் பேப்பர் வேற ஆளுக்கு ஆச்சேன்னு தலைவர் சொல்லிட்டாராம்.”

“அவங்களும் விட்டுட்டாங்களா?”

“இத்தினி வருஷமா அந்த ரூலைச் சொல்லி மத்தவங்களைத் திருப்பி அனுப்புனதே அவங்கதானே.”

டாரத்தி எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். முன் வரிசையில் அந்த ரிப்பன் கட்டிய நாற்காலி மட்டும் காலி.

நம் ஊரில் சாவு என்றால் ஊருக்கே தெரியும். மேளம், வேட்டு, ரோடு முழுக்கப் பூ, கம்பெனி பஸ்ஸே ஒதுங்கி நிற்கும். அங்கே இலை விழுகிற சத்தம் கேட்டது. பழங்காலத்து உடுப்பில் நாலைந்து பேர், தலையில் மூன்று முனைத் தொப்பி, கையில் நீளத் துப்பாக்கி, எல்லோரும் என் வயதுக்காரர்கள். ஒருவர் டிரம் தட்டினார், டொம், டொம், அவ்வளவுதான். கொடியைக் கொண்டுவந்து நட்டார்கள். ஒரு அம்மா ஜெபம் சொன்னாள். நெஞ்சில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன்.

தலைவர் பேர் ராபர்ட். பனைமரம் மாதிரி உயரம், தொப்பியோடு இன்னும் உயரம். அவர் ஐசக்கைப் பற்றிப் படித்தார். மகள் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். செருப்புத் தைக்கிறவருடைய மகன். பனியில் காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்த படையில் இருந்தான். காயத்தோடு திரும்பி வந்தான். இந்த ஊரில் யாரோ ஒருத்தர் கொட்டகையில் படுத்துச் செத்தான். கல் வைத்தது யார் என்று தெரியாது.

பிறகு ராபர்ட் காகிதத்தைத் திருப்பி ஏதோ கேட்டார். மைக் கீச்சென்று கத்தியது, யாருக்கும் கேட்கவில்லை. மைக்கைத் தட்டிவிட்டு மறுபடி கேட்டார்.

“இன்னா கேக்கறார்?”

“ஐசக்கோட வாரிசு யாராவது இருந்தா எழுந்திருங்கன்னு. யாரும் இல்லேன்னு தெரியும், ஆனா கேக்காம விடக்கூடாதாம், வழக்கமாம்.”

எங்கள் ஊரிலும் அது வழக்கம். பாடையைத் தூக்கும் முன்னால் ஊர்ப் பெரியவர் கேட்பார், முன்னால் நின்று காரியம் செய்யப்போவது யார் என்று. பெரும்பாலும் சும்மா கேட்பதுதான், மகன் மொட்டையடித்துக்கொண்டு தயாராக நிற்பான். யாருமில்லாதவனுக்கும் கேட்பார். ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாம் தடவை கேட்க விட்டுவிட்டால் அது செத்தவனுக்குக் கேவலமில்லை, அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் கேவலம். அதற்குள் எவனாவது ஒருவன், பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரனோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடுவான். எந்த ஜாதி எந்த ஊர் என்ற பேச்சு அதற்குப் பிறகு இல்லை.

ராபர்ட் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மைக்கில் மறுபடி கீச்சென்றது. அவர் வாயைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

“நைனா, உக்காரு. உன்னக் கேக்கல.” மகள் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

“யாரையும்தான் கேக்கல. வுடு.”

துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். ஷூவைக் கழற்றினேன். புல் ஐஸ் மாதிரி இருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. துப்பாக்கி வைத்திருந்த கிழவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். பின்வரிசையில் ஒருத்தி சொன்னதை மகள் பிறகு எனக்குச் சொன்னாள்: “இந்தியாவிலும் நம் ஆட்கள் இருந்தார்களா?”

ராபர்ட் மைக்கை விட்டுவிட்டு என் அருகில் வந்து குனிந்தார். மகள் ஓடிவந்து நடுவில் நின்றாள். அவர் கேட்டதை அவள் சொன்னாள்.

“நீங்க இவரோட வம்சம்னு சொல்றீங்களான்னு கேக்கறார் நைனா.”

“எங்கப்பன் பேரு வடிவேலு. இவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாருன்னு கேட்டாரு, யாரும் வரல, நான் நிக்கறேன். அவ்ளோதான். சொல்லு.”

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, ரொம்ப நேரம் சொன்னாள். ராபர்ட் அசையாமல் கேட்டார். பிறகு திரும்பி டாரத்தியைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவள் அவள்தானே. டாரத்தி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி என்று தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள்.

நான் போய்ப் பட்டயத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். நட்ட குழியில் எடுத்த மண் ஓரத்தில் கிடந்தது, கறுப்பாக, ஈரமாக. மூன்று கை அள்ளிப் போட்டேன். சொல்ல எனக்கு மந்திரம் எதுவும் தெரியாது. “போய்ட்டு வாப்பா, ஐசக்கு” என்றேன். எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது. கை கொடுத்துத் தூக்கினது டாரத்தி. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. ராபர்ட் தொப்பியைக் கழற்றியிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தார்கள், மூன்று வெடி. மரத்திலிருந்த பறவை எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிப் பறந்தன.

சர்ச் ஹாலில் சாப்பாடு. குளிர்ந்த உருளைக்கிழங்கு, இனிப்பு வடை மாதிரி ஏதோ, பிஸ்கட், லெமன் ஜூஸ். என் எலுமிச்சைச் சாதம் முதலில் காலியானது, அதையும் எழுதிவைக்கிறேன். துப்பாக்கிக் கிழவர் ஒருவர் இரண்டு தடவை வாங்கினார், மூன்றாம் தடவை தட்டோடு வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். டாரத்தி என் எதிரே உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிட்டாள்.

“எனக்கும் பிள்ளை குட்டி இல்லை” என்று அவள் சொன்னதை மகள் சொன்னாள். “நான் போறப்ப நீங்க வருவீங்களா?”

“விசா எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு அவங்களுக்குத் தெரியுமா? இவ வருவான்னு சொல்லு. என் பொண்ணு நிப்பா.”

அதை மொழிபெயர்க்க மகளுக்கு நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் சுடுகாட்டு எல்லையோடு நின்றுவிடுவார்கள். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் நின்றாள். அதை யோசித்தாளோ என்னவோ. கடைசியில் டாரத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

காரில் திரும்பினோம். மகள் கேட்டாள், “ஏன் நைனா எழுந்த? எனக்கு மானமே போச்சு முதல்ல.”

அவளுக்குச் சுடலைமணியைப் பற்றித் தெரியாது. அப்போது அவள் அமெரிக்கா போய்விட்டிருந்தாள். அந்த வெள்ளத்து வருஷம், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து ரோடெல்லாம் ஆறாகப் போன நேரம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, என் மாடி ரூமில் இருந்தான். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டான். ரயில் இல்லை, பஸ் இல்லை, அவன் ஊருக்குப் போன் போகவில்லை. உடம்பை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. கூட இருந்த பசங்கள் என் வாசலில் வந்து நின்று, “யாரு அண்ணாச்சி முன்ன நிக்கது?” என்று அழுதார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் மற்றவனைப் பார்த்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது துண்டை எடுத்துக் கட்டினேன். எங்கள் ஊர் இடுகாட்டில், வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் அடக்கம் செய்தோம். முட்டியளவு சேறு.

தண்ணீர் வடிந்த பிறகு அவன் அப்பா வந்தார். ஒல்லியான மனுஷன், கையில் ஒரு மஞ்சள் பை. இடத்தைக் காட்டினேன். அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாருய்யா நின்னது?”

“நான்தான்.”

“நீங்களா நின்னீய?” என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. “அப்ப எம்புள்ள ஒத்தையில போவல.”

இதைச் சொன்னதும் மகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். பேரன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்துவிட்டேன். ஷெட் ஓடுகிறது, ரூம்கள் நிரம்பியிருக்கின்றன. போன மாதம் அந்தச் சங்கத்தின் பத்திரிகை வந்தது என்று மகள் போனில் அனுப்பினாள். படம் இருக்கிறது. கொடி, ராபர்ட், தொப்பிக்காரர்கள், ஓரத்தில் ஒரு முழங்கையும் கொஞ்சம் வேட்டியும். அந்த முழங்கை என்னுடையது. கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன்.

“விடு நைனா.”

“படிம்மா.”

“‘வாரிசுகள் எவரும் வரவில்லை, சங்கத்தினரே மரியாதை செலுத்தினர்’னு போட்டுருக்காங்க.”

“அப்ப நான்?”

“மெம்பர் பேரும் வாரிசு பேரும் மட்டும்தான் போடுவாங்களாம். டாரத்தி கமிட்டில சண்டை போட்டுகினு இருக்காங்களாம். நீ டென்ஷனாகாத.”

எனக்கு டென்ஷன் இல்லை. கோயில் கேட்டில் பேர் இல்லாமலே வெல்டு வைத்தவன் நான், பேர் போடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. இது அப்படி இல்லை. என்னை ஐசக்கின் வம்சம் என்று எழுத வேண்டாம். மெம்பராகச் சேர்க்கவும் வேண்டாம், காட்ட என்னிடம் பேப்பர் இல்லை. ஆனால் நாளைக்கோ, இன்னும் நூறு வருஷம் கழித்தோ, சரியான ஐசக்கின் ஆட்கள் எங்கிருந்தாவது பேப்பரோடு அந்தத் தோட்டத்துக்கு வருவார்கள். கல்லுக்கு முன்னால் நிற்பார்கள். அந்த மஞ்சள் பைக்காரர் கேட்டதைத்தான் அவர்களும் கேட்பார்கள். அப்போது அவர்கள் கையில் கிடைப்பது இந்தப் பத்திரிகைதான். யாரும் வரவில்லை, சங்கத்தாரே செய்தார்கள் என்று மட்டும் அதில் இருக்கக் கூடாது. அது பொய்.

இந்த மலரை மகள் டாரத்திக்கு அனுப்புவாள், டாரத்தி கமிட்டிக்குக் கொண்டுபோவாள். அதனால் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். ஐசக்குக்கு நின்றது வடிவேலு மகன் ஏகாம்பரம், ஊர் ஒரகடம். மண் மூன்று கை போட்டான். இவ்வளவு போதும். ஆனால் இதைப் போட்டே ஆகவேண்டும்.